வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு (கடலூர் வட்டாரம்)

அயல்நாட்டில் பிறந்த குழந்தையைப் பெற்றோரின் தாய்நாட்டு அரசு தன் ஏட்டில் ஏற்றிக்கொள்வதே வெளிநாட்டுப் பிறப்புப் பதிவு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பும் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, திருப்பாதிரிப்புலியூர் வீடுகளுக்கு இது பழகிய அலைச்சல். ஆனால் கடலூரில் இதன் கதை எதிர்த்திசையில் தொடங்குகிறது.

1690இல் கிழக்கிந்தியக் கும்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலமும் சேர்த்தி என்பது பேரம். அப்படிச் சேர்ந்தவையே 'குண்டு கிராமங்கள்'. அந்த எல்லைக்குள் பிறந்த ஆங்கிலக் குழந்தை லண்டனுக்கு அயல்நாட்டுப் பிறப்பு. அதற்குத் தனி அதிகாரி கிடையாது. பாதிரியாரின் ஞானஸ்நான ஏடுதான் சான்று. தண்ணீர் தெளித்த தேதி இருக்கும், பிறந்த தேதி பல பதிவுகளில் இராது. இந்த ஏடுகளின் நகல்கள் கப்பலேறி லண்டன் போயின. சென்னை மாகாணத் தொகுதி 1698இல் தொடங்குகிறது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கோட்டையை 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டது. ஏடு பிழைத்துக்கொண்டது!

மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன தமிழ்க் கூலிகளின் பிள்ளைகளுக்கு இந்தக் கவனிப்பு கிட்டவில்லை. 1899ஆம் ஆண்டின் சென்னைப் பதிவுச் சட்டமும் உள்ளூர்ப் பிறப்புகளுக்கானதே.

சுதந்திர இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தூதரகப் பதிவுக்கு வழி செய்தது. முதலில் தந்தை இந்தியராக இருந்தால்தான் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை. தாய் வழியும் செல்லும் என்றானது 1992இல்தான். 2004 டிசம்பர் 3 முதல் பிறப்பவர்களை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை.

தூதரகத்தில் பதியாமல் ஊரோடு குடியேற வந்தவர்களுக்கு, 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் தருகிறது. குழந்தை இந்தியாவில் வந்திறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பதியலாம். இந்தச் சான்றிதழ் பிறப்பைத்தான் நிறுவும், குடியுரிமையை அல்ல. ஓராண்டுக்கு மேல் தாமதித்தால், 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையிலான நடுவரின் ஆணை பெற வேண்டும்.