கயிறா, பட்டையா?

யோசெமிட்டி போன்ற நெடும்பாறைகளில் ஒரு கட்டம் ஏறி முடித்ததும் முதல் வேலை, தன்னை ஆங்கரோடு, அதாவது பாறையிலுள்ள பிடிமானத்தோடு, பிணைத்துக்கொள்வது. இடுப்பில் ஏற்கெனவே கட்டியிருக்கும் ஏறுகயிற்றிலேயே கிளோவ் ஹிட்ச் முடிச்சுப் போட்டு ஆங்கரின் பூட்டுக் காரபினரில் மாட்டலாம். அல்லது ஹார்னஸில் தொங்கும் தனி ஸ்லிங் பட்டையை மாட்டலாம். கடைகளில் விதவிதமாக விற்பது இரண்டாவதுதான். மேலே இன்னும் ஏற வேண்டியிருந்தால் எனக்கு முதலாவதே உசத்தி.

தொங்கி நிற்கும் வரை இரண்டும் ஒன்றுதான். பிணைப்பு தளர்ந்திருக்கும்போதுதான் வினை. இடுப்பு ஆங்கர் மட்டத்துக்கு வரும்படி மேலே ஏறி எதையோ சரிசெய்கிறோம். கால் வழுக்கினால் பட்டையின் நீளமளவு விழுவோம். விழும் தூரத்தைப் பிணைப்பின் நீளத்தால் வகுத்தால் வரும் ஃபால் ஃபேக்டர் இங்கே 1. பட்டை முழுக்க விறைக்கும் அளவு ஆங்கருக்கு மேலே போயிருந்தால் 2. கயிற்றில் பிணைத்திருந்தாலும் இதே கணக்குத்தான், ஆனால் உடம்பில் விழும் அடி வேறு. டைனமிக் கயிறு இழுபட்டு அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். சோதனை விழுச்சியில் அது 40 சதவீதம் வரை நீளத் தரவிதியே இடம் தருகிறது. டைனீமா இழையில் செய்த பட்டை 22 கிலோநியூட்டன் முத்திரையோடு வரும், ஆனால் நீள்வது மிகக் கொஞ்சம். வேல்ஸைச் சேர்ந்த டிஎம்எம் நிறுவனம் 80 கிலோ எடையைக் கட்டி விழவிட்டுப் பார்த்தபோது, முடிச்சுப் போட்ட டைனீமா பட்டைகள் ஃபேக்டர் 1 விழுச்சியிலேயே அறுந்ததுண்டு. நீளத்தைக் குறைக்கப் பட்டையில் முடிச்சுப் போடும் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது!

கிளோவ் ஹிட்சில் அந்தத் தேவையே எழாது. காரபினரைக் கழற்றாமல், ஒரு பக்கக் கயிற்றை முடிச்சுக்குள் தள்ளி மறுபக்கத்தை இழுத்தால் நீளம் மாறிவிடும். பிறகு இரு பக்கமும் இழுத்து முடிச்சை இறுக்கிவிட வேண்டும்.

நீளம் மாற்ற வசதி என்று, கண்ணி கண்ணியாகத் தைத்த பட்டையான டெய்சி செயினை நம்புவோரும் உண்டு. அதன் கண்ணிகளைப் பிரிக்கும் தையல் வெறும் இரண்டு மூன்று கிலோநியூட்டனுக்கானது. ஒரே காரபினரை இரண்டு கண்ணிகளில் மாட்டியிருக்கும்போது நடுத்தையல் பிய்ந்தால், காரபினர் பட்டையிலிருந்தே கழன்றுவிடும். வளையங்களைக் கோத்துச் செய்த மெட்டோலியஸ் நிறுவனத்தின் பிஏஎஸ் பட்டையில் இந்த ஆபத்து இல்லை.

கர்நாடகத்தின் பாதாமி மணற்பாறைகளில் கதை வேறு. போல்ட் அடித்த, பெரும்பாலும் ஒரே கட்ட ஏற்றங்கள் அவை. உச்சியில் கயிற்றை அவிழ்த்து ஆங்கர் வளையத்தில் கோத்துத்தான் இறங்குவதென்றால், அந்த நிமிடங்களில் கயிறு நம் இடுப்பில் இருக்காது. அங்கே தனிப் பட்டையைத் தவிர வேறு வழியில்லை. கீழே பிலே கொடுப்பவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போதே பட்டையில் முழு எடையையும் போட்டுப் பார்த்த பிறகே முடிச்சில் கை வைக்க வேண்டும். கயிறு கைநழுவி ஓடாமல் அதை முன்னதாகவே ஹார்னஸில் மாட்டிக்கொள்வது தனி வேலை.

ஏறி இறங்கியபின் பட்டையை ஹார்னஸின் பிலே வளையத்திலேயே மாதக்கணக்கில் சுருக்கிட்டு விட்டுவைப்பதும் தவறு. உராயும் இடம் என்றும் ஒன்றாகவே இருந்து தேயும். அமெரிக்காவின் பெயர்பெற்ற ஏற்றக்காரர் டாட் ஸ்கின்னர் 2006 அக்டோபரில் யோசெமிட்டியின் லீனிங் டவரில் கயிற்றில் இறங்கும்போது உயிரிழந்தது, தேய்ந்துபோன பிலே வளையம் அறுந்ததால்தான். கயிறு கட்டும் இரு புள்ளிகள் வழியே பட்டையைச் சுருக்கிட்டு, இறங்கியதும் கழற்றிப் பையில் போட அரை நிமிடம் போதும்.