தளவாய் மண்டபத்து ஆணை

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை அண்ணாந்து நோக்குவோர் பலர். அக்கோட்டைக்காக மனிதர் ஒருவருக்கொருவர் இட்ட ஆணைகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வாணைகளுள் ஒன்று நம் உள்ளத்தை இன்றும் சுடுகின்றது.

1736-ஆம் ஆண்டு. மதுரை நாயக்கர் மரபின் கடைசி அரசியான மீனாட்சி, உள்நாட்டுப் பகையால் நடுங்கி, ஆர்க்காட்டுச் சந்தா சாஹிபின் துணையை நாடினார். தீங்கு செய்வதில்லை எனத் தளவாய் மண்டபத்தில் திருக்குர்ஆன் மீது சந்தா சாஹிப் ஆணையிட்டார். பட்டுத்துணிக்குள் இருந்ததோ வெறும் செங்கல்! கோட்டை அவர் கைக்கு வந்தது. காவலில் வைக்கப்பட்ட அரசி நஞ்சுண்டு மாண்டார்.

இதனை எழுதி வைத்தோர் ஆங்கிலேயர். ஆதலின் புனைந்துரை என ஒதுக்கிவிடலாமே என்பார் நம்மிலும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நம்மவர் செய்த பிழையை மூடி மறைப்பது மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டாகாது. ஒன்றை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். உண்மையான வேதத்தின்மீது கைவைத்துப் பொய்யுரைக்க அவர் அஞ்சினார் போலும். ஏட்டுக்கு அஞ்சியவர், ஏட்டை அருளிய அல்லாஹ்வுக்கு அஞ்சவில்லை!

1741-இல் மராத்தியர் கோட்டையைப் பிடித்து அவரைச் சதாராவுக்குக் கொண்டு சென்றனர். மீண்டு வந்தவர் பிரெஞ்சுக்காரரை நம்பினார். அவருடைய போட்டியாளரான முஹம்மது அலி மலைக்கோட்டைக்குள் இருந்துகொண்டு ஆங்கிலேயரை நம்பினார். 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத் தீவில் சிக்கியது. தப்ப வழியின்றிச் சந்தா சாஹிப், தஞ்சைத் தளபதி மானோஜியிடம் தம்மை ஒப்படைத்தார். காரைக்காலுக்கு அனுப்புவதாக மானோஜி தம் வாள்மீது ஆணையிட்டிருந்தார். ஆங்கிலேயர், மைசூரார், மராத்தியர், முஹம்மது அலி என நால்வரும் கைதியைக் கேட்டனர். ஒருவரிடம் கொடுத்தால் மற்றவர் பகை வருமே என்று அஞ்சிய தளபதி, அவரைக் கொல்வித்தார். கொலை நிகழ்ந்த இடமும் அதே தளவாய் மண்டபமே என்கிறார் வில்க்ஸ்.

வென்ற முஹம்மது அலியின் நிலையும் பெருமைக்குரியதன்று. திருச்சியையே தருவதாகக் கூறி மைசூர் நஞ்சராஜரின் படையுதவி பெற்றவர், வென்றபின் தர மறுத்தார். கும்பெனியின் தயவில் நாற்பதாண்டுக்கு மேல் நவாபாக இருந்து, கும்பெனியாரிடமே கடனில் மூழ்கி, 1795-இல் காலமானார். ஆறே ஆண்டுகளில், 1801-இல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பெனி வசமாயிற்று.

தவக்குல் என்று நாம் சொல்வது கைகட்டி அமர்ந்திருப்பதையன்று. செய்வதைச் செவ்வனே செய்து, வெற்றி தோல்வியை இறைவனிடம் விடுவதே அது. இவர்களிடம் முயற்சிக்குக் குறைவில்லை. படையும் பணமும் இருந்தன. சொன்ன சொல்லைக் காத்தால் நாடு போய்விடுமே என்ற அச்சம்தான் ஒவ்வொருவரையும் ஆட்டிவைத்தது.

அரசுரிமையைத் துறந்து வந்தவர் என மரபு கூறும் நத்ஹர்வலி அவர்களின் தர்கா இவ்வூரில்தான் இருக்கிறது. அரியணைக்காக அத்தனை ஆணைகளையும் கண்ட நவாப் முஹம்மது அலியின் உடல், சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்டு, அந்தத் துறவியின் வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டது. சந்தா சாஹிபின் அடக்கமும் அங்கேயே என்பர்.