கஞ்சா: புகையும் ஆவியும்

கஞ்சாவைப் பற்றவைத்துப் புகைப்பதும், தீயில்லாமல் சூடேற்றி ஆவியாக இழுப்பதும் உடலுக்கு ஒரே மாதிரியான கேட்டைச் செய்வதில்லை. எது தேவலை என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் ஒரு விடை உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அந்த விடை செல்லாது.

சாலை, 18ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாகக் கடை நடத்துகிறார்கள். மிளகையும் மல்லியையும் முகர்ந்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து வாங்குகிற இடம் இது. ஆவியாக இழுக்கும் வேப் கருவியின் குப்பிக்குள் இருக்கும் எண்ணெயை அப்படிச் சோதிக்க வழியில்லை.

புகையின் கேடு தெளிவானது. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் கஞ்சாவையும் புகைத்தவர்களை ஒப்பிட்டார்கள். கஞ்சா புகைக்கும்போது ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய ஐந்து மடங்கும், உள்ளே போன தார் மூன்று மடங்கும் கூடின. ஆழமாக இழுத்து நெஞ்சிலேயே அடக்கி வைக்கும் பழக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நாள்பட்ட இருமலும் சளியும் கூடவே வரும். பீடிப் புகையிலையோடு கலந்து இழுப்பவருக்கு நிகோடினும் சேர்ந்தே போகும்.

ஆவிக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. உலர்ந்த கஞ்சாவையே எரியாத அளவில் சூடாக்குவது ஒன்று. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் 18 பேரிடம் அப்படியொரு கருவியைச் சோதித்தபோது, ரத்தத்தில் ஏறிய டி.எச்.சி. என்ற போதைப்பொருள் புகைத்ததற்கு நிகராகவே இருந்தது; வெளிவந்த மூச்சில் கார்பன் மோனாக்சைடு மிகக் குறைவு. நுரையீரலுக்கு இது லாபம்தான், மறுக்க வேண்டியதில்லை.

மூளைக்கும் இதயத்துக்கும் அந்த லாபம் இல்லை. எப்போதாவது மட்டும் பயன்படுத்தும் 17 பேருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே அளவு டி.எச்.சி.யைப் புகையாகவும் ஆவியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, ஆவியாக இழுத்தபோதுதான் ரத்தத்தில் அது அதிகம் ஏறியது; பதற்றமும் தடுமாற்றமும் கூடின. நெஞ்சுப் படபடப்பு இரண்டு வழியிலும் வரும்.

இரண்டாவது வகை, செறிவூட்டிய எண்ணெய் அடைத்த வேப் பேனா. ஆபத்தின் மையம் இதுதான். 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் மூச்சுத்திணறலோடு அலை அலையாக மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் பாதிக்கப்பட்டவர்கள் 2,807 பேர். அவர்களில் இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலோர் டி.எச்.சி. எண்ணெயை, அதுவும் கள்ளச்சந்தைச் சரக்கை, இழுத்தவர்கள். சோதித்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் திரவத்தில் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. எண்ணெயைக் கெட்டியாகக் காட்டச் சேர்த்த கலப்படப் பொருள் அது. தோலில் பூசினால் கெடுதல் செய்யாத அதே பொருள் நுரையீரலில் நஞ்சாகியது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம் வேப் கருவிகளின் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் அத்தனையையும் தடுக்கிறது. நிகோடின் இல்லாத கருவிக்கும் இது பொருந்தும். தடை இருப்பதால் இங்கே கைமாறும் ஒவ்வொரு கஞ்சா வேப்பும் கள்ளச்சரக்கே. கஞ்சா எண்ணெய் என்று விற்கப்படுவதில் செயற்கை ரசாயனம் இருந்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே "புகையைவிட வேப் பாதுகாப்பானது" என்ற பேச்சு, ஆய்வகக் கருவியின் நற்பெயரைத் தெருச்சரக்குக்கு ஒட்டுகிற வேலை.

பழக்கத்திலிருந்து மீள நினைப்பவர்களுக்குக் கேரளக் கலால் துறையின் விமுக்தி இயக்கம் 2016 முதல் இயங்குகிறது. கட்டணமில்லா எண் 14405. வேப் இழுத்தபின் இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு வந்து மருத்துவமனைக்குப் போகிறவர், இழுத்தது என்ன என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நிமோனியாவைப் போலவே தோன்றும் இந்த வேப் நுரையீரல் நோயை, அந்தத் தகவல் இல்லாமல் பிரித்தறிவது கடினம்.