நுண் மின்னியந்திரக் கருவிகள்: படைத்துறைப் பயன்பாடு

அசையும் நுண்ணிய உறுப்புகளைச் சிலிக்கானில் செதுக்கி, மின்சுற்றோடு இணைத்த கருவிகளே நுண் மின்னியந்திரக் கருவிகள், சுருக்கமாக மெம்ஸ். படைத்துறை இவற்றை நாடியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பீரங்கிக் குண்டு.

குண்டு சுடப்படும் கணத்தில் அதனுள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தன் எடையைப் போலப் பல்லாயிரம் மடங்கு விசையைத் தாங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மெர்ல் டுவே தலைமையிலான அமெரிக்கக் குழு, புவியீர்ப்பைப் போல 20,000 மடங்கைத் தாங்கும் வெற்றிடக் குழாய்களை உருவாக்கி, இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டைச் சாத்தியமாக்கியது. 1943 ஜனவரியில் ஹெலினா என்ற போர்க்கப்பல் அதைக் கொண்டு ஜப்பானிய விமானம் ஒன்றை வீழ்த்தியது. ஆனால் எப்போது வெடிப்பது என்பது மட்டுமே அந்தக் குண்டுக்குத் தெரியும். பாதையைத் திருத்திக்கொள்ள, திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் தேவை. சுழல் சக்கரம் கொண்ட அன்றைய கைரோஸ்கோப்போ பெரியது, விலை மிக்கது, அதிர்ச்சிக்கு அஞ்சுவது.

1960களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஹார்வி நாதன்சன், அதிரும் உலோகத் தகட்டை டிரான்சிஸ்டரோடு இணைத்தார். சிலிக்கான் இயந்திரப் பாகங்களுக்கும் ஏற்ற உறுதியான பொருள் என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் கர்ட் பீட்டர்சன் 1982இல் விரிவாக எழுதினார். 1990களில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா இத்துறைக்குப் பெரும் நிதி அளித்தது. டிரேப்பர் ஆய்வகம் இசைக்கவையைப் போல அதிரும் சிலிக்கான் கைரோஸ்கோப்பைச் செய்துகாட்டியது.

இங்கே சிறுமையே வலிமை. நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. அதைத் தாங்கும் குறுக்குப் பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆகவே அதே அதிர்ச்சியில் பாகத்துக்குள் எழும் தகைவு பத்தில் ஒன்றுதான். பெரிய கருவி உடையும் இடத்தில் நுண்கருவி பிழைப்பது இதனால்தான்.

எனினும் கருவி பிழைத்தால் மட்டும் ஆயுதம் வென்றுவிடாது. அமெரிக்கக் கடற்படை 127 மி.மீ. பீரங்கிக்காகத் தொடங்கிய வழிகாட்டுக் குண்டுத் திட்டம் சோதனைத் தோல்விகளுக்குப் பின் 2008இல் கைவிடப்பட்டது.

உளவுக்கும் இத்தொழில்நுட்பம் தூண்டுதலானது. மணல்மணி அளவு உணரிகளைக் கனவு கண்ட பெர்க்லி பல்கலைக்கழகத்தினர், 2001இல் கலிபோர்னியப் பாலைவனத்தில், ஆளில்லாச் சிறு விமானத்திலிருந்து ஆறு உணரிகளைச் சாலையோரம் போட்டு, கடந்து சென்ற வாகனங்களைக் கண்டறிந்தனர். அவை இன்னும் மணல்மணி அளவுக்குச் சுருங்கியிருக்கவில்லை.

பெரிய திருப்பம் படைக்கு வெளியே நிகழ்ந்தது. காரின் காற்றுப்பைக்கும், பிறகு கைப்பேசிக்கும் கோடிக்கணக்கில் தயாரானதால் உணரியின் விலை சரிந்தது. கைப்பேசியில் இருப்பதைப் போன்ற கைரோஸ்கோப்பும் முடுக்கமானியும்தான் உக்ரைன் போரில் இரு தரப்பும் ஏவும் மலிவான டிரோன்களை நிலைநிறுத்துகின்றன. வல்லரசுகளின் ஆய்வகங்களில் வளர்ந்த திறன் இன்று கடையில் வாங்கும் சில்லில் கிடைக்கிறது. பொதுவான ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் உயர்துல்லிய உணரிகளையே குறிவைக்கின்றன; இத்தகைய டிரோனுக்கு அந்தத் துல்லியம் தேவையே இல்லை.