பார்வை குன்றிய முதியோரின் பராமரிப்புத் திட்டமிடல்

பார்வை குன்றிய முதியோரின் பராமரிப்புத் திட்டமிடல் என்பது பார்வை குறைந்துவரும் முதியவர் ஒருவர் தமது பிற்காலச் சிகிச்சை, உறைவிடம், சொத்து ஆகியவை பற்றித் தாமே முடிவெடுத்துப் பதிவு செய்வதாகும். கண் அழுத்த நோயால் இழந்த பார்வை மீளாது என்பதால், எஞ்சிய பார்வை உள்ளபோதே இதனைத் தொடங்குவது நன்று.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இன் 59ஆம் பிரிவின்படி, தாம் செய்வது இன்னதென அறிய இயலும் பார்வையற்றவர் உயில் எழுதலாம் (இசுலாமியர் உயில்களுக்கு இச்சட்டப்பிரிவு பொருந்தாது). கையொப்பத்துக்குப் பதிலாகக் கைநாட்டு இடலாம். இரு சாட்சிகள் தேவை. உயில் முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்பைச் சேர்ப்பது பின்னர் வழக்கு எழுந்தால் உதவும். சொத்தைப் பெறவிருக்கும் உறவினரே படித்துக் காட்டுவது ஐயத்துக்கு இடமளிக்கும்.

உயிர்காப்புச் சிகிச்சை பற்றிய முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 இல் ஏற்றது. அதில் நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டியிருந்தது; 2023 இல் இது தளர்த்தப்பட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் போதும் என்றாயிற்று. தம்மால் பேச இயலாத நிலையில் தமக்காக முடிவெடுக்க வேண்டியவரின் பெயரையும் அதில் குறிப்பிடலாம்.