பெரியப்பா புல் வெட்டிய திடல்

எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. அந்த மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் இந்த மழைக்காலம் முழுவதும் ஜவ்வாதுமலையில் உட்கார்ந்துகொண்டு, பிரான்சு நாட்டின் பழைய கோல்ஃப் திடல்களை ஆகாயத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "எழுபத்து நாலு வயசுல இது என்னப்பா புதுப் பைத்தியம்?" என்று மகள் கேட்டாள். அவள் இங்கே ஆசிரியை. நான் ஓய்வு பெற்றபின் புதுச்சேரியை விட்டு அவளோடு வந்து இருப்பவன். மலையில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக முடியாது. கணினிதான் துணை.

பைத்தியத்துக்குக் காரணம் ஒரு கடிதம். என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். புதுச்சேரியில் இவர்களை 'சொல்தா' என்போம். பட்டாளத்தை விட்டபின் அவர் ஊர் திரும்பவில்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பெரியப்பா பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். பாரிசுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அவருக்கு ஒரு கோல்ஃப் திடலில் புல் வெட்டும் வேலை. பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த அவர் கடிதம் ஒன்றில் பென்சிலால் அந்தத் திடலை வரைந்திருந்தார். நடுவில் ஒரு குளம், ஓரமாக ஒரு மரவரிசை, 1 முதல் 18 வரை எண்கள். கீழே, "தம்பி, இவ்வளவும் நான் வெட்டுகிற புல்" என்று எழுதியிருந்தார்.

அந்தத் திடல் இன்று இல்லை. எங்கே இருந்தது என்று தேடப் போய்த்தான் இத்தனையும் படித்தேன்.

கோல்ஃப் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆட்டம். அவர்கள் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. கல்கத்தாவில் 1829-லேயே கழகம் தொடங்கிவிட்டார்கள். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அதுதான் மிகப் பழையது. நம் கொடைக்கானலில் 1895-ல் வந்தது. ஐரோப்பியக் கண்டத்தில் முதல் கழகம் பிரான்சின் தெற்கே, பிரனே மலையடிவாரத்தில் உள்ள போ என்ற ஊரில், 1856-ல் தொடங்கியது. குளிர்காலத்தை மிதமான வெயிலில் கழிக்க வந்த ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் தொடங்கியது அது. நம் நாட்டுத் துரைமார்கள் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு ஏறினார்கள். அங்கே குளிருக்குப் பயந்து போவுக்கு இறங்கினார்கள். போன இடத்தில் இரண்டு கூட்டமும் முதலில் தேடியது புல்தரைதான்.

பிறகு 1888-ல் பியாரிட்ஸ் என்ற கடலோர ஊரில் ஒரு திடல் வந்தது. அங்கே கடற்பாறைப் பிளவைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டிய குழி ஒன்று இருந்ததாம். அமெரிக்கர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டு, தங்கள் திடல்களில் நடுவே பள்ளம் விழுந்த ஒருவகைப் புல்மேடையை அமைத்து அதற்கு 'பியாரிட்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. மூலக்குழிதான் இல்லை. பிற்பாடு திடலை மாற்றியமைத்தபோது போய்விட்டது. அந்த பியாரிட்ஸில் பந்து பொறுக்கும் பையனாகத் தொடங்கிய ஆர்னோ மாசி 1907-ல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் ஓப்பன் பட்டத்தை வென்றார். பிரித்தானியர் அல்லாத ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. இன்றுவரை வேறெந்தப் பிரெஞ்சுக்காரரும் வெல்லவில்லை.

இனி ஆகாயத்துக்கு வருவோம். உலகின் முதல் ஆகாயப் படத்தை எடுத்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். நாடார் என்ற புனைபெயர் கொண்ட புகைப்படக்காரர் 1858-ல் பலூனில் ஏறிப் பாரிசுக்கு அருகே ஒரு கிராமத்தைப் படம் பிடித்தார். (நம் ஊர் நாடார் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் பள்ளியில் முதல் முறை படித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.) அந்தப் படம் இன்று கிடைக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1909-ல், வில்பர் ரைட் அதே போ ஊருக்கு வந்து பிரெஞ்சுக்காரர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கண்டத்தின் முதல் கோல்ஃப் திடலும் முதல் விமானப் பள்ளிகளில் ஒன்றும் ஒரே ஊரில்!

முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிகளைக் காண விமானத்திலிருந்து படம் எடுக்கும் பழக்கம் பெருகியது. போர் முடிந்ததும் அதே வித்தையை நிலப்படம் வரையப் பயன்படுத்தினார்கள். 1940-ல் பிரான்சு தோற்றபோது, படையின் நிலப்படத் துறையைக் கலைத்துவிட்டு, தேசியப் புவியியல் நிறுவனம் என்று சிவிலியன் பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆட்களும் கருவிகளும் ஜெர்மானியர் கைக்குப் போகாமலிருக்கச் செய்த தந்திரம். போருக்குப் பின் அந்த நிறுவனம் நாடு முழுவதையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலிருந்து படம் எடுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பழைய படங்களை இப்போது இணையத்தில் எவரும் காசில்லாமல் பார்க்கலாம். ஜவ்வாதுமலையில் இருக்கும் ஒரு பழைய குமாஸ்தாவும் பார்க்கலாம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கோல்ஃப் திடலை எப்படி அடையாளம் காண்பது? முதலில் மணல். பந்துக்கு இடைஞ்சலாக வெட்டி வைத்த மணற்குழிகள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். ஒட்ட வெட்டிய புல் வெளிறிய சாம்பல் நிறத்தில் நீளநீளமான பட்டைகளாக ஓடும். வெட்டாத புல் கருத்திருக்கும். விவசாய நிலத்துக்கு நேரான வரப்பு உண்டு, இதற்கு இல்லை. ஓடையாற்று மண்திட்டுகளைப் போல வளைந்து வளைந்து போகும். அடுத்தது நிழல். காலையிலோ மாலையிலோ எடுத்த படமானால் அரை அடி மேடுகூட நிழல் காட்டும். மூன்றாவது, ஜோடிப் படம். விமானம் போகிற போக்கில் அடுத்தடுத்து எடுக்கும் இரண்டு படங்களில் ஏறக்குறைய 60 சதவீதம் ஒரே இடமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரட்டைக் கண்ணாடிக் கருவி வழியே பார்த்தால் நிலம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒருமுறை வந்த நில அளவைக்காரர் ஒருவர் அந்தக் கருவியை என் கண்ணில் வைத்துக் காட்டினார். மரங்கள் முகத்தில் குத்துவதுபோல் வந்தன. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன்.

கைவிட்ட திடலும் உடனே மறைந்துவிடாது. மணற்குழியில் புல் முளைத்தாலும் பள்ளம் இருக்கும். கோடையில் மேலே உள்ள புல் காயும்போது அடியில் கிடந்த வடிவம் நிறம் மாறித் தெரியும். ரோமானியர் காலத்துப் பண்ணை வீடுகளின் அடித்தளங்களை ரோஜர் அகாஷ் என்பவர் வடபிரான்சின் வயல்களில் நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்ததும் விமானத்திலிருந்து பார்த்துத்தான்.

திடல்கள் ஏன் அழிந்தன? பெரும்பாலும் போர். ஆங்கிலக் கால்வாய் ஓரம் லெ துக்கே என்ற ஊரில் ஹாரி கோல்ட் என்ற ஆங்கிலேயர் 1931-ல் மணல்மேடுகளுக்கு நடுவே ஓர் அருமையான திடல் அமைத்தார். போர்க்காலத்தில் ஜெர்மானியர் அந்தக் கடற்கரை நெடுக கண்ணிவெடி புதைத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு கடல்பக்கத்துக் குழிகள் சில கைவிடப்பட்டன. நம் காலத்தில்தான், பழைய படங்களைப் பார்த்து, அவற்றை மீண்டும் உயிர்ப்பித்திருக்கிறார்கள். வேறு பல திடல்களில் போர்க்காலப் பஞ்சத்தில் உழுது பயிர் வைத்தார்கள். தப்பியவற்றில் சிலவற்றைப் பிற்பாடு நகரம் விழுங்கியது.

பெரியப்பாவின் திடலை விழுங்கியதும் நகரம்தான். அஞ்சல் முத்திரையிலிருந்த ஊர்ப்பெயரை வைத்துத் தேடி, மூன்றாவது வாரத்தில், 1960-களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு படத்தில் அந்தக் குளத்தைப் பிடித்தேன். அவரைக்கொட்டை வடிவம். கடிதத்தில் வரைந்ததும் அதே வடிவம். மரவரிசையும் இருந்தது. வெள்ளைப் பொட்டுகளை எண்ணிக்கொண்டே போனேன். அடுத்த படத்தில் குறுக்கே ஒரு சாலை. அதற்கடுத்ததில் அடுக்குமாடி வீடுகள். இன்றைய படத்தில் குளம் மட்டும் குடியிருப்புப் பூங்காவின் நடுவே இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல் வெட்டிய தடம் தெரிகிறதா, வண்டி ஏதும் நிற்கிறதா என்று. அவ்வளவு உயரத்திலிருந்து ஆள் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

இதை எங்கள் பக்கத்துக் காட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் மலையாளி. கேரளத்து மலையாளி அல்ல, இந்த மலையின் பழங்குடி. சாமை விதைப்பவர். கேட்டுவிட்டு, "ஐயா, அந்த மாதிரி எங்க கொல்லிக்கும் படம் இருக்குமா?" என்றார். எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. தாத்தா காலத்திலிருந்து உழுகிற நிலத்துக்கு அவர் வன உரிமை மனு போட்டிருந்தார். ஆதாரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். 'ஆதாரம் இணைக்கப்படவில்லை, திருப்பி அனுப்பலாம்'. என் உத்தியோக காலத்தில் இந்த வரியை நான் எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன்! கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேலதிகாரிகள் பாராட்டியதும் உண்டு.

நம் நாட்டிலும் ஆகாயப் படங்கள் எடுத்தார்கள். ஆனால் பாதுகாப்புக் காரணம் சொல்லி நெடுங்காலம் பூட்டியே வைத்திருந்தார்கள். 2021-ல்தான் நிலப்படத் தரவு விதிகள் தளர்ந்தன. செயற்கைக்கோள் படங்கள் வேறு கதை. 1995-ல் ஏவிய நம் ஐஆர்எஸ்-1சி ஏறக்குறைய 6 மீட்டர் அளவு வரை பிரித்துக் காட்டும். ஒரு கொல்லியின் விளிம்பு அதில் தெரிய வாய்ப்புண்டு. வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13-ஐத்தான் எல்லைத் தேதியாக வைக்கிறது. விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையாகலாம், அவற்றுக்குப் பதிலாக முடியாது. மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தால் அது ஆதாரம். நிலத்தில் போட்ட வரப்பும் சமன்படுத்திய மண்ணும்கூட ஆதாரம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரான்சில் தொலைந்துபோன விளையாட்டுத் திடலைத் தேட ஆர்வமும் இணையமும் போதும். இங்கே சோற்றுக்கு விதைக்கிற நிலம் இருந்தது என்று காட்ட ஒரு மனிதர் அலைகிறார். இதைப் பார்த்த பிறகு என் பொழுதுபோக்கு கொஞ்சம் கசந்தது உண்மை.

போன ஞாயிறு அவரோடு கொல்லியைச் சுற்றி நடந்தேன். பெரியப்பா வரைந்தது போலவே பென்சிலால் வரைந்துகொண்டேன். கிழக்கே பலா மரம், நடுவே பாறை, கல் அடுக்கிய வரப்புகள் ஒன்பது. பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் இருவர் வாக்குமூலம் தரச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய செயற்கைக்கோள் படம் கேட்டும் எழுதப்போகிறோம். அடுத்த கிராமசபைக்கு மனுவை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

என்ன ஆயிற்று என்று பிறகு எழுதுகிறேன்.