ஆஸ்திரேலியக் கப்பலில் ஆஸ்திரேலியர் இல்லை

வேலை நிமித்தம் லாபுவானுக்குப் போன முதல் மாதமே டைவிங் கடையில் லேமினேட் செய்த வரைபடம் ஒன்றைக் காட்டினார்கள். தீவுக்கு வெளியே நான்கு சிவப்புப் புள்ளிகள். அமெரிக்கன் ரெக், ஆஸ்திரேலியன் ரெக், சிமெண்ட் ரெக், புளூ வாட்டர் ரெக். மூழ்கிய கப்பலை டைவர்கள் ரெக் என்பார்கள். ‘எது வேணும்?’ என்று கேட்ட தோரணை, மாமாக் கடையில் மீ கோரெங்கா நாசி கோரெங்கா என்று கேட்பதைப் போலவே இருந்தது.

முதலில் சிமெண்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். நான்கில் இதுதான் லேசு என்றார்கள். 1980இல் புருணை சுல்தானின் அரண்மனைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போன துங் ஹ்வாங் என்ற சரக்குக் கப்பல் கடலடித் திட்டில் மோதி மூழ்கியது. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும், அதனால் கடலடியிலும் இறுகும். யூனியில் இரண்டாம் ஆண்டு படித்தது. அந்தப் பாடம் கண்ணெதிரே மூட்டை மூட்டையாகக் கல்லாகிக் கிடந்தபோது, ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அரண்மனைக்குப் போக வேண்டியது களவாய் மீனுக்கு வீடாகிவிட்டது.

இந்தக் கடலடி பெரும்பாலும் மணலும் சேறும். பவளத்தின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்தாலும், ஒட்டிக்கொள்ளக் கெட்டியான ஒரு பரப்பு வேண்டும். அதற்காகத்தான் நம் மீன்வளத்துறை 1975இல் கெடாவின் பூலாவ் தெலோரில் பழைய டயர்களைக் கட்டி இறக்கி, செயற்கைப் பவளத்திட்டு முயற்சியைத் தொடங்கியது. டயர் லேசானது, கட்டு அறுந்தால் அலையோடு உருளும். உருளும் பரப்பில் பவளம் நிற்காது. பிற்பாடு கான்கிரீட்டுக்கு மாறினார்கள். பெரிய கப்பல் ஒன்று மூழ்கினால் இந்த வேலையெல்லாம் ஓசியில் நடந்துவிடுகிறது. அதுவரைக்கும் எனக்கு ரெக் என்றால் அவ்வளவுதான்: ஓசிப் பவளத்திட்டு.

வேலையிடத்தில் ஒரு அண்ணன் இருந்தார். பேராக்காரர், லாபுவானிலேயே இருபது வருஷமாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அடுத்தது ஆஸ்திரேலியன் ரெக் போகப் போறேன் என்றேன். “தம்பி, அது கல்லறை. நீங்க மேல இருக்கற கல்லறையையே இன்னும் பாக்கல” என்றார். பாக்கி டீயைக் குடித்துவிட்டுக் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

லாபுவான் போர்க் கல்லறையில் 3,900க்கும் மேற்பட்ட கல்லறைகள் உண்டு. பாதிக்கு மேல் பெயரில்லாதவை. சண்டக்கான் முகாமிலும் ரானாவ் வரை நடத்திச் செல்லப்பட்ட வழியிலும் செத்த கைதிகளின் எலும்புகளைத் தேடியெடுத்து இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். கிட்டத்தட்ட 2,400 பேரில் உயிர் பிழைத்தவர் ஆறே பேர். புல்லை ஒட்ட வெட்டி, கல்லைத் துடைத்து, அப்படியொரு பராமரிப்பு. எனக்கு அது உறுத்தியது. என் பாட்டியின் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. அவருக்குப் பெயரில்லாத கல்கூடக் கிடையாது.

அன்று ராத்திரிதான் ஆஸ்திரேலியன் ரெக்கின் கதையைத் தேடிப் படித்தேன். அதில் ஆஸ்திரேலியா எங்கேயுமே இல்லை. 1900இல் கட்டப்பட்ட டச்சு நீராவிக் கப்பல் அது, பெயர் டி கிளெர்க். கிழக்கிந்தியத் தீவுகளுக்கிடையே ஓடியது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவை நெருங்கியபோது, கையில் சிக்கக் கூடாதென்று டச்சுக்காரர்களே தாஞ்சோங் பிரியோக் துறைமுகத்தில் மூழ்கடித்தார்கள். ஜப்பானியர் அதைத் தூக்கி, பழுது பார்த்து, இம்பாரி மாரு என்று பெயர் சூட்டி ஓட்டினார்கள். 1944 செப்டம்பரில் லாபுவானுக்கு அருகே கண்ணிவெடியில் மோதி இரண்டாம் முறை மூழ்கியது. உள்ளே ஆட்கள் நிறைய. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆஸ்திரேலிய விமானங்கள் குண்டு போட்டதில் மூழ்கியது என்ற தவறான நம்பிக்கையில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் மாற்றுவது இந்தத் தீவுக்குப் புதிதில்லை. 1942இல் ஜப்பானியத் தளபதி மாயேடா, லாபுவானுக்குப் பறந்து வரும் வழியில் விமானம் விழுந்து செத்தார். அதன்பின் தீவையே மைடா தீவு என்று மாற்றினார்கள். ஒரே ஒரு ஜெனரலுக்கு ஒரு முழுத் தீவு.

அமெரிக்கன் ரெக் விஷயத்தில் பெயராவது பொருந்துகிறது. யூஎஸ்எஸ் சல்யூட் என்ற கண்ணிவாரிக் கப்பல், 56 மீட்டர் நீளம். 1945 ஜூன் 10இல் ஆஸ்திரேலியப் படைகள் இங்கே கரையிறங்குவதற்கு மூன்று நாள் முன்பு, புருணை விரிகுடாவில் வழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கண்ணிவெடி ஒன்றில் மோதி நடுவில் மடிந்து மூழ்கியது. ஒன்பது பேர் பலி. அந்த ஒன்பது பேரும் யார் யார் என்று அமெரிக்கக் கடற்படைக்குத் தெரியும்.

அந்தப் பழைய கப்பல்கள் இன்னும் எத்தனை நாள் இருக்கும்? கடல்நீரில் இரும்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் அரிக்கும் என்பது நாங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளும் எண். எண்பது வருஷத்துக்கு 8 மில்லிமீட்டர். கப்பல் தகட்டில் பாதிக்கு மேல் போயிருக்க வேண்டும். ஆனால் பவளமும் சிப்பியும் சுண்ணாம்பு ஓடு மாதிரி மூடிக்கொண்டால் ஆக்சிஜன் உள்ளே போவது குறைகிறது, அரிப்பும் மட்டுப்படுகிறது. கப்பலால் பவளம் வாழ்கிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். பவளமும் கப்பலைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது.

அந்த ஓட்டை உடைத்தெடுக்க மனிதர்கள் வருகிறார்கள். 2017 தொடக்கத்தில் சபாவின் உசுக்கான் கரைக்கு அப்பால், 1944இல் மூழ்கிய மூன்று ஜப்பானியச் சரக்குக் கப்பல்களை ராட்சதக் கொக்கி வைத்த கப்பல் ஒன்று கிழித்து அள்ளியது. அதில் ஒன்றை டைவர்கள் ரைஸ் பவுல் ரெக் என்று அழைத்தார்கள், கஞ்சிக் கிண்ணம் மாதிரி. 2023 மே மாதம் ஜொகூர் கடலில் நம் கடல்சார் அமலாக்கத்துறை ஒரு சீனக் கப்பலைப் பிடித்தது, பழைய பீரங்கிக் குண்டுகளும் இரும்பும் அதில் இருந்தன. குவாந்தானுக்கு அப்பால் கிடக்கும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டிலிருந்தும் எடுத்ததாகச் சந்தேகம் எழுந்தது. 1941 டிசம்பர் 10இல் அந்த இரண்டு கப்பல்களிலும் 840 பேர் செத்திருந்தார்கள். அணுகுண்டுக்கு முந்தைய இரும்பில் கதிரியக்கம் குறைவு, அதனால் தனி விலை என்று சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. வெண்கல விசிறியும் செம்பும் டன் கணக்கில் சும்மா கிடைத்தால், சாதாரணக் காயலான் கடை விலையே போதும்.

பிரிட்டிஷ் கப்பல்களுக்காக லண்டனில் குரல் எழுந்தது. உசுக்கானில் சத்தம் போட்டவர்கள் பெரும்பாலும் டைவர்களும் மீனவர்களும்தான். அவர்கள் மீன் போச்சு, தொழில் போச்சு என்றார்கள், அது நியாயம்தான். கிண்ணத்துக்குள் இருந்தவர்கள் யார் என்று கேட்ட குரல் எனக்கு அதிகம் கேட்கவில்லை.

கடைசியில் டி கிளெர்க்குக்குப் போனேன். ஆற்றுச் சேறு கலந்த பச்சைத் தண்ணீர், நாலைந்து மீட்டருக்கு மேல் தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அந்த ஆழத்தில் இருபது நிமிஷம்கூட நிற்க முடியாது. கப்பலின் பக்கவாட்டை ஒட்டி நீந்தினேன், எதையும் தொடவில்லை. ஒரு திறப்பின் விளிம்பில் சிங்கமீன் ஒன்று அசையாமல் நின்றது. டார்ச்சை உள்ளே அடிக்க மனசு வரவில்லை.

படகில் ஏறியதும் லாக் புக்கில் இடத்தின் பெயர் என்ற கட்டத்தில், டி கிளெர்க் / இம்பாரி மாரு என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். பல வருஷமாக இங்கே ஆட்களை இறக்கிக் கூட்டிவரும் டைவ் மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

“இனி டி மானா?” என்றார். இது எங்கே இருக்கு?